கேமரா காலிபரேஷன் ஜாங்கோட ஆரம்பிக்கல

"ஜெங்யூ ஜாங்தான் கேமரா காலிபரேஷனையே கண்டுபிடிச்சாரு, அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாது, செஸ் போர்டை ஒரே ஒரு போட்டோ எடுத்தா போதும்"னு ஒரு போஸ்ட் சுத்திட்டு இருக்கு. ரெண்டுமே தப்புங்க. கேமரா காலிபரேஷன்னா, கேமராவோட ஃபோகஸ் தூரம், லென்ஸ் கோணல் மாதிரி உள் நம்பர்களை கண்டுபிடிக்கிறது.

லென்ஸ் கோணலை டுவேன் பிரவுன் 1966லயே கணக்குல எழுதிட்டாரு. ஓப்பன்சிவிங்கிற இலவச கம்ப்யூட்டர் விஷன் சாஃப்ட்வேர்ல லென்ஸ் கோணலுக்காக வர்ற பி1, பி2 நம்பருக்கெல்லாம் மூலம் அங்கதான். அப்புறம் 1987ல ஐபிஎம்ல இருந்த ரோஜர் சாய் எழுதின முறையைத்தான் ரோபோ ஆளுங்க ரொம்ப நாள் ஓட்டிட்டு இருந்தாங்க.

அப்போ ஜாங் செஞ்சது என்ன? அதுவரைக்கும் நல்ல ரிசல்ட் வேணும்னா துல்லியமா செஞ்ச முப்பரிமாண செட்டப்போ, பலகையை இவ்வளவு தூரம்னு அளந்து நகர்த்துற வேலையோ தேவைப்பட்டுச்சு, இவரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல இருந்தப்போ 1998ல, லேசர் பிரிண்டர்ல ஒரு பேட்டர்ன் அடிச்சு கெட்டி அட்டை புத்தகத்து மேல ஒட்டி கையால இஷ்டத்துக்கு சாய்ச்சு காட்டினாலே போதும், எப்படி சாய்ச்சோம்னு அளக்கவே வேணாம்னு காட்டிட்டாரு. பெரிய விஷயம்தான், அதை யாரும் மறுக்கல.

ஆனா ஒரு போட்டோ பத்தாது. கேமராவுக்குள்ள தெரியாத நம்பர் அஞ்சு, ஒரு போட்டோ கொடுக்கிறது ரெண்டே சமன்பாடு, அதனால குறைஞ்சது மூணு போட்டோ வேணும் (ஸ்கியூ, அதாவது பிக்சல் அச்சு ரெண்டும் செங்கோணத்துல இருந்து விலகுற அளவு, பூஜ்யம்னு வச்சுக்கிட்டா ரெண்டு). சாய்வை மாத்தாம பலகையை சும்மா முன்ன பின்ன நகர்த்தி இருபது எடுத்தாலும் புதுசா ஒண்ணும் கிடைக்காது, நிறைய பேரு சொதப்புறது இங்கதான்.

இன்னொண்ணு, ஜாங்கோட ஆராய்ச்சிக் கட்டுரைல இருந்தது செஸ் போர்டே இல்ல, தனித்தனியா நிக்கிற 8க்கு 8 சதுரம், மொத்தம் 256 மூலை.