பீட்டா டீயில் சர்க்கரை போடமாட்டான்

(ஸ்பாய்லர் உண்டு. வாசிக்காதவர்கள் அப்புறம் வாருங்கள்.)

"டீனேஜ் டிஸ்டோபியாவா? ஒரு கொடுங்கோல் அரசு, ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க. அவ்வளவுதானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நிறைய. பாதி நாவல்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் உருப்படியாக எழுதப்பட்டவற்றில் காதல் நடுவில் செருகிய டூயட் அல்ல. அரசு ஒரு ஆளிடமிருந்து பிடுங்கியது திரும்பி வருகிறதா என்று அங்கேதான் தெரியும்.

சுசான் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். 2008, 2009, 2010 என்று வருஷத்துக்கு ஒன்றாக வந்த முதல் மூன்று நாவல்கள். பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு அதை டிவியில் போட்டியாகக் காட்டுகிற ஒரு அரசு; அதில் மாட்டிய இருவர் காட்னிஸும் பீட்டாவும். முதலாவதில் காதல் வெறும் செலாவணி. வெட்டுப்பட்ட காலோடு காய்ச்சலில் கிடக்கிற பீட்டாவைக் குகைக்குள் காட்னிஸ் முத்தமிடுகிறாள். வெளியே ஒரு சின்னப் பானையில் சூடான சூப் வந்து இறங்குகிறது. அதை அனுப்பிய வழிகாட்டி ஹேமிட்ச் ஒரு வார்த்தை பேசாமலே விலைப்பட்டியல் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அன்றிலிருந்து தன் மனசில் இருப்பது காதலா, கேமராவுக்குக் கொடுத்த போஸா என்று அவளுக்கே பிடிபடாது. இதை 'இழுவை' என்று திட்டுகிறார்கள். வேறென்ன செய்வாள்? முத்தத்துக்குச் சாப்பாடு கொடுத்துப் பழக்கிய ஊர் அது.

லோயிஸ் லோரியின் 'தி கிவ்வர்' (1993) இதையே வேறு மாதிரி செய்கிறது. அங்கே ஆசை முளைக்கிற வயசில் கையில் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள், தினம் காலையில் ஒன்று. 12 வயது ஜோனஸ் பெற்றோரிடம், "என்மேல் அன்பு இருக்கா?" என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள், வழக்கொழிந்த சொல், துல்லியமாகப் பேசு என்று திருத்துகிறார்கள். மறுநாள் காலை அவன் மாத்திரையை விழுங்கவில்லை. புரட்சி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

என்றாலும் இந்த வகையில் மிகக் கவனமாகக் கட்டப்பட்ட பகுதி என்று நான் சொல்வது மூன்றாவது நாவலான 'மாக்கிங்ஜே'யில் பீட்டா திரும்பி வருவதைத்தான். அரசின் தலைநகரான கேபிடலில் மாட்டிக்கொண்டவனுக்கு, ஆய்வகத்தில் உருவாக்கிய குளவியின் விஷத்தை ஏற்றி நினைவுகளைத் திரித்துவிடுகிறார்கள். கிளர்ச்சிக்காரர்கள் மீட்டுக் கொண்டுவந்ததும் அவன் செய்கிற முதல் காரியம், காட்னிஸின் கழுத்தை நெரிப்பது.

பழுதுபார்க்கும் வேலையை ஆரம்பித்து வைப்பது காதலி அல்ல. கிளர்ச்சிப் படைப்பிரிவில் இருக்கும் ஃபின்னிக், குழப்பமாக இருந்தால் கேட்டுவிடு என்கிறான். மறுநாள் ஜாக்சன் என்ற பெண் அதை ஒரு விளையாட்டாக்குகிறாள். எது குழப்புகிறதோ அதை அவன் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "நிஜமா, இல்லையா?" பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். அவனை முன்பே தெரிந்த ஒருவராவது எப்போதும் காவலில் இருக்கும்படி முறையையும் மாற்றுகிறாள். பொய் நினைவுகள் ஒரு மாதிரி பளபளக்கின்றன என்று பீட்டாவே ஒரு அடையாளம் கண்டுபிடிக்கிறான்.

விளையாட்டு தொடங்குவதற்கு முந்தின இரவு, ஃபின்னிக் சொன்ன பிறகு, காட்னிஸ் வாய் திறக்கிறாள். 'நீ நல்லவன்', 'உன்னை நேசித்தேன்' எதுவும் கிடையாது. அவள் சொல்வது: நீ ஓவியன், ரொட்டி சுடுகிறவன், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாய், டீயில் சர்க்கரை போடமாட்டாய், ஷூ லேசை எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுவாய். சொல்லிவிட்டு, அழுதுவிடுவோமோ என்று கூடாரத்துக்குள் ஓடிவிடுகிறாள். உரிப்பொருளை, அதாவது மன உணர்வை, கருப்பொருளில், அதாவது சுற்றியிருக்கும் பொருள்களில், ஏற்றிச் சொல்கிற வித்தை சங்கப் பாட்டு வாசித்த நமக்குப் புதிதில்லை. லேஸ் முடிச்சைக் கவனித்தவளுக்கு அது நடிப்பாக இருந்திருக்காது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரிவதற்கு முன்பே.

இன்னொன்று, காலின்ஸ் அவனை ஒரேயடியாகக் குணமாக்கவில்லை. இதற்கப்புறமும் வெறி திரும்பி, தடுக்க வந்த கூட்டாளியைத் தள்ளிவிட்டு அவன் சாவுக்குக் காரணமாகிறான். கைவிலங்கைக் கழற்றாதே என்று அவனே கேட்கிறான். சுரங்கத்தில் ஒரு முத்தம் உண்டு. அது அந்த நிமிஷத்துக்கு அவனைப் பிடித்து நிறுத்துகிறது, அதற்குமேல் இல்லை. காட்னிஸை நேசிக்கிற இன்னொருவனான அவளுடைய பழைய நண்பன் கேல் விலகுவதும் காதல் போட்டியில் தோற்று அல்ல. காட்னிஸின் தங்கையைக் கொன்ற குண்டு அவன் வகுத்த திட்டமாக இருக்கலாம் என்ற சந்தேகம் நடுவில் நிற்கிறது. எதிரியைப் போலவே யோசிக்கப் பழகிவிட்டான்.

காதலை மருந்தாகவே கொடுத்த கதையும் இருக்கிறது: ஐசக் மரியனின் 'வார்ம் பாடீஸ்' (2010). ஒரு ஜாம்பி, ஜூலியின் காதலனுடைய மூளையைத் தின்று, அந்த நினைவுகள் வழியாக அவளை நெருங்குகிறான். இது தின்றவனின் காதலா, தின்னப்பட்டவனின் காதலா? அற்புதமான சிக்கல். ஆனால் 2013இல் வந்த படத்தில், இருவரும் கைகோர்த்திருப்பதைப் பார்த்தே மற்ற ஜாம்பிகளுக்கும் நெஞ்சு துடிக்கத் தொடங்குகிறது. நகைச்சுவைப் படம் என்பதால் தாங்குகிறது. அதையே சீரியஸாக எழுதினால் பெண் பாத்திரம் ஒரு மாத்திரையாகிவிடும். அவளுக்கென்று இழப்பும் இருக்காது, மீட்பும் இருக்காது.

தமிழில் இந்த வகையை முயல்கிறவர்கள் காதலர்களின் கண் நிறத்தை முடிவுசெய்வதற்கு முன், அரசு பிடுங்குவது எது என்று ஒன்றே ஒன்றை முடிவுசெய்யுங்கள்: நினைவா, பெயரா, பசியா, சொல்லா. அது திரும்புவதைக் கையால் தொடக்கூடிய ஒரு பொருளில் காட்டுங்கள். குறைந்தது ஒரு முறையாவது அது மறுபடி பறிபோகட்டும், அதற்கு யாராவது விலை கொடுக்கட்டும்.

'மாக்கிங்ஜே' முடிவில்கூட பீட்டா சில சமயம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பழைய காட்சிகள் கடந்துபோகும்வரை நிற்கிறான். குழந்தை பெற காட்னிஸ் சம்மதிக்க 15 வருஷம் ஆகிறது. அந்த 15 வருஷத்தை இத்தனை வேகமாகக் கடந்துவிட்டாரே என்பதுதான் காலின்ஸ் மேல் எனக்கு இருக்கிற ஒரே கோபம்.