சவேரியார் பள்ளியின் இன்னொரு மாணவர்
நியூயார்க் மன்ஹாட்டனில் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1847இல் தொடங்கிய சவேரியார் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிய ஒரு கட்டுரையில், அப்பள்ளியின் பெருமைக்கு மறைந்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியாவையே கட்டுரையாளர் முதன்மைச் சான்றாகக் காட்டுகிறார். 1953இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறியவர் அவர்; நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து, இராணுவப் பயிற்சியும் அளித்த அப்பள்ளிக்குச் சுரங்க ரயிலில் துப்பாக்கியோடு சென்றதைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். தனிமனிதர் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உறுதிசெய்த 2008ஆம் ஆண்டுப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே என்பதால், இந்தச் செய்தி வாசகர்களை ஈர்ப்பது இயல்புதான்.

ஆனால் அப்பள்ளியின் இராணுவப் பயிற்சியும் மறைக்கல்வியும் ஒருவரிடம் சேர்ந்து வெளிப்பட்டதற்கு, அதே பள்ளியில் படித்த கடற்படைக் காலாட்படை அதிகாரி டொனால்ட் குக்கைத்தான் நான் சொல்வேன். 1964 டிசம்பர் இறுதியில் வியட்நாம் போரில் சிறைப்பட்ட அவர், தம் உடல் நலிந்துகொண்டிருந்தபோதும் தமக்குக் கிடைத்த சொற்ப உணவையும் மருந்தையும் உடனிருந்த கைதிகளுக்குப் பகிர்ந்தளித்தார். 1967இல் சிறையிலேயே இறந்தார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயரிய இராணுவ விருது 1980இல் வழங்கப்பட்டது. அவர் பெயரில் ஒரு போர்க்கப்பலும் இருக்கிறது. கட்டுரையில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

இதே போரை எதிர்த்து, 1968இல் கட்டாய ஆள்சேர்ப்புக் கோப்புகளைத் தீயிட்டவர்களுள் ஒருவரான டேனியல் பெரிகனும் இயேசு சபைக் குருவே. பள்ளியில் இராணுவப் பயிற்சி 1971இல் விருப்பப் பாடமாக மாறியதைப் போகிற போக்கில் குறிப்பிடும் கட்டுரையாளர், அக்காலத்துப் போர் எதிர்ப்பையும் சபைக்குள்ளேயே நிலவிய கருத்து வேறுபாட்டையும் சற்று விரிவாக எழுதியிருக்கலாம்.