ஆயில் ஃபில்டரை அறுத்த தம்பிக்கு

நேற்று காலையிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர்கள் பதினான்கு பேர். "அண்ணே நீங்க ஃபில்டர் கம்பெனியில இருந்தவர்தானே, பாருங்க" என்று. சரி, பார்த்துவிட்டேன். இரண்டு தடவை பார்த்தேன். ஆயில் ஃபில்டரை ஆங்கிள் கிரைண்டரால் அறுத்து, உள்ளே கிடந்த இரும்புத்தூளைக் காந்தத்தில் ஒட்டிக் காட்டி, "நம்ம ஊர் லேபருக்கு அக்கறையே கிடையாது பாஸ்" என்று சிரித்து முடிக்கிறார் தம்பி. கீழே ஆயிரம் பேர் கைதட்டல்.

தம்பி, கிரைண்டரில் அறுத்தால் இரும்புத்தூள் விழாமல் மல்லிகைப்பூவா விழும்? இதற்கென்றே ஃபில்டர் கட்டர் என்று ஒன்று இருக்கிறது, பைப் கட்டர் மாதிரி சுற்றிச் சுற்றி வெட்டும், பொறி பறக்காது. ஆனால் பொறி பறந்தால்தானே வீடியோ ஓடும்.

அதற்காக அவர் சொன்னது எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. நடுவில் இருக்கும் அந்த ஓட்டைக் குழாயைக் கிட்டத்தில் காட்டினார் இல்லையா, அதன் ஓரத்தில் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது நிஜமான பிசிறு. அது கிரைண்டர் தூள் கிடையாது, பிரஸ்ஸில், அதாவது தகட்டை அழுத்தித் துளை போடும் மெஷினில், வந்தது. ஆயில் வெளிவட்டத் துளைகள் வழியாக உள்ளே வந்து, மடிப்புக் காகிதத்தைத் தாண்டி, அந்த நடுக்குழாய்க்குள் இறங்கித்தான் இன்ஜினுக்குப் போகிறது. அதாவது வடிகட்டி முடித்த பக்கம். அங்கே தொங்குகிற பிசிறு உதிர்ந்தால் நடுவில் பிடிக்க எதுவும் கிடையாது, நேராக பேரிங்குக்குப் போய்விடும். அழுக்கைப் பிடிக்க வாங்கிய சாமானே இரும்பைக் கொட்டுகிறது என்றால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

எனக்குத் தாங்காதது அந்த "அக்கறை". யாருடைய அக்கறை?

பிசிறு ஏன் வருகிறது என்று சொல்கிறேன். மேலிருந்து குத்துவது பஞ்ச், கீழே அதை வாங்கும் துளையுள்ள அச்சு டை, நடுவில் தகடு. பஞ்ச் முனை மழுங்கினால், டைக்கும் பஞ்சுக்கும் நடுவே இடைவெளி கூடினால், தகடு வெட்டுப்படாமல் கிழிபடும். கிழிந்த ஓரம்தான் பிசிறு. டையை இறக்கி, கிரைண்டிங் போட்டு, திரும்ப ஏற்றி செட் பண்ண அரை ஷிப்ட் போய்விடும். மாசக் கடைசியில் எவன் அரை ஷிப்ட் கொடுப்பான்? "ஓடுற வரைக்கும் ஓட்டு, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்." இப்போது இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: அந்த மழுங்கின டையில்தான் பீஸும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரே டைதான். பிசிறு உங்கள் இன்ஜினுக்குள் போகிறது, விரல் அங்கேயே கிடக்கிறது.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் குவாலிட்டியில் இருந்தேன். பெயர் வேண்டாம். பிரஸ் ஷாப்பில் திண்டுக்கல்காரர் ஒரு அண்ணன், காண்ட்ராக்ட். பீஸைக் கையில் எடுத்து ஓரத்தைத் தடவியே டைக்கு எத்தனை நாள் ஆயுள் என்று சொல்லிவிடுவார், அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். அவர் ஓட்டிய பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் என்ற ஒளித்திரை இருந்தது. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். ஒட்டுகிற டையில் அது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிற்கும், கவுன்ட் ஏறாது. அதனால் பைபாஸ், அதாவது சாவியைத் திருப்பிக் கர்ட்டனை வேலை செய்யாமல் ஆக்கிவிடுவது. சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருக்க வேண்டிய பைபாஸ் சாவி மஞ்சள் கயிறு கட்டி மெஷினிலேயே தொங்கும். நான் தினமும் அதைத் தாண்டித்தான் நடப்பேன்.

பிரஸ் ஷாப்பில் சத்தம் இருக்கும்வரை பயமில்லை. ஒரு நாள் ராத்திரி அண்ணன் பிரஸ்ஸில் சத்தம் நின்றது. இடது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

விசாரணை அறிக்கையில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். ஆபத்தான இயந்திரப் பகுதிக்குக் காப்பு போட வேண்டும் என்று அப்போதிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. காப்பு இருந்ததே, சாவி மட்டும்தான் திரும்பியிருந்தது! அப்போதிருந்த 1923 இழப்பீட்டுச் சட்டத்தில், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று கணக்கிட ஓர் அட்டவணை இருந்தது, போய்ப் பாருங்கள்: முழு விரல் போனால் ஆள்காட்டிக்கு 14 சதவீதம், நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கு 7, கட்டைவிரலுக்கு 30. சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் விலைப்பட்டியல் பார்த்த மாதிரியே இருக்கும். வாசலில் "விபத்து இல்லாத நாட்கள்" என்று ஒரு போர்டு உண்டு. அதில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பவே இல்லை. காண்ட்ராக்ட் ஆள் அந்தக் கணக்கில் வரமாட்டானாம்.

உடனே வருவீர்கள், தெரியும். "போன் பார்த்துக்கிட்டு ஓட்டியிருப்பான்." எங்கள் ஷாப்பில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடுத்த ஆள் வாங்க. "எல்லா கம்பெனியும் இப்படி இல்லை." ஆமாம், இல்லை. கர்ட்டனைத் தொட்டால் வேலையை விட்டு அனுப்பும் இடத்தையும் பார்த்திருக்கிறேன், அங்கே டையும் ஒழுங்காக இருந்தது, அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்கிறேன். "வடக்கேதான் இந்த மாதிரி நடக்கும்" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். குருகிராம், ஃபரிதாபாத் பக்கம் விரல் போனவர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019இலிருந்து அறிக்கை போடுகிறது, அங்கேயும் பவர் பிரஸ்தான். நம் ஊர் பிரஸ் மட்டும் தமிழ் விரல் என்று பார்த்து நிற்குமா? "வாங்குற கம்பெனி வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்லுது, முதலாளி என்ன பண்ணுவார்." சரிதான், அழுத்துகிறார்கள். அதற்கு முதலாளி தன் விரலைக் கொடுக்கட்டும்.

கடைசியாக ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டார்: "நீங்கள் குவாலிட்டியில் இருந்தீர்களே, என்ன கிழித்தீர்கள்?"

ஒரு தடவை சிவப்பு டேக் போட்டு ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதி சரக்கை, நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் டேக் காணோம், லாட் லாரியில். மேனேஜர் ரூமில் நிற்க வைத்து "கம்பெனிய மூடிடலாமா?" என்று கேட்டார். தங்கச்சி கல்யாணக் கடன் இருந்தது. அடுத்த லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். அதற்கடுத்த லாட்டுக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்டில் பீஸைத் தண்ணீருக்குள் பிடிக்கிற நேரத்தைக் குறைத்தபோதும் என் கையெழுத்துதான். அந்தக் கையில் ஐந்து விரலும் இருக்கிறது. போதுமா? இதை எழுத வைத்துவிட்டு யாரும் இங்கே வந்து ஆறுதல் சொல்ல வேண்டாம்.

அந்த வீடியோவை அனுப்பிய பதினான்கு பேரில் கடைசி ஆள் அந்த அண்ணன்தான். இப்போது ஊரில் கோழிப்பண்ணையில் இருக்கிறார். டைப் பண்ண மாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான். "தம்பி, அந்தக் குழாயப் பாத்தியா, ரெண்டாவது வரிசையில ஒரு ஓட்ட கொஞ்சம் கோணலா இருக்கு. நம்ம டை மாதிரியே இல்ல?"

மூன்றாவது தடவை வீடியோவைப் போட்டு, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். கோணலாகத்தான் இருக்கிறது. அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.