மூன்று மீற்றர் புல்தரையில் எத்தனையைத்தான் குவிப்பது?

ரொறன்ரோவில் பனி கொட்டுவது ஒரு புதினமா? வருடா வருடம் கொட்டுகிற சாமான். ஆனால் வீதிக்கு வரைபடம் கீறுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியாது. அவர்களுடைய வரைபடத்தில் எப்போதும் ஜூலை மாதம்தான்.

ஒரு சாதாரண டவுன்ஹவுஸ் வீதியை எடுங்கள். வீட்டு முகப்பு 6 மீற்றர், அதில் கார் விடும் ட்ரைவ்வே 3 மீற்றர். மிச்சம் 3 மீற்றர் புல்தரை. விளக்குக் கம்பமும் ஃபயர் ஹைட்ரன்டும் நட்ட மரக்கன்றும் அதற்குள்தான். பிளவ் (பனி தள்ளும் வண்டி) ஒதுக்கும் பனி, வீட்டுக்காரர் சவளால் அள்ளும் பனி, குப்பை நாளில் பின்கள் (குப்பைத் தொட்டிகள்), எல்லாம் அதே இடத்தில்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 8.5 மீற்றர் வீதியில் பாதி உங்கள் பக்கம். 20 செ.மீ. பனி விழுந்தால் அந்தப் பாதியிலிருந்து 5 கன மீற்றர், ட்ரைவ்வேயிலிருந்து மூன்றரை. புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் இருக்கும்; பிளவ் நெரித்துத் தள்ளினால் 400 கிலோ வரை இறுகும். இறுகினபிறகும் 2 கன மீற்றருக்கு மேல். மூன்றுக்கு ஒன்றரை மீற்றர் துண்டில் குவித்தால் அரை மீற்றர் உயரம். ஒரு புயலுக்கே இவ்வளவு! 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது, இடையில் உருகவுமில்லை. குவியல் இடுப்பைத் தாண்டினால் ட்ரைவ்வேயிலிருந்து பின்னுக்கு எடுக்கிறவருக்கு வீதியில் வருகிற பிள்ளை தெரியுமா? உப்புப் போட்டு உருக்கலாம் என்றால், -10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பும் பெரிதாக வேலை செய்யாது.

பிறகு அந்தக் கோதாரி வரம்பு, அதாவது பிளவ் கரையோரம் விட்டுப்போகும் பனி மேடு. உள்வீதிகளுக்கு 8 செ.மீ. விழுந்தபிறகுதான் பிளவ் வரும். பிளவின் அலகு (முன்தகடு) வலப்பக்கம் சரிந்திருப்பதால் பனி முழுக்கக் கரைக்கு உருளும். வழியில் திறந்திருப்பது உங்கள் ட்ரைவ்வே வாசல் மட்டும், அதற்குள் கொட்டிவிட்டுப் போகும். 3 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் தடிப்பு, 40 செ.மீ. உயரம் என்றால் அரை டன்னுக்குக் கிட்ட. ஒரு மணித்தியாலம் விட்டால் கல். வயது போனவர்கள் இதை அள்ளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். வரம்பைத் திறந்துவிட இன்னொரு இயந்திரம் வரும், சரி. ஆனால் அது எப்போது வரும் என்பதும் குப்பை லொறி எப்போது வரும் என்பதும் ஒன்றுக்கொன்று தெரியாது. பனி ஒரு திணைக்களம், குப்பை இன்னொரு திணைக்களம்.

விளைவு? காலை 7 மணிக்குள் பின் வெளியே நிற்கவேண்டும், பனிக் குவியலுக்கு மேலோ பின்னாலோ வைக்கக்கூடாது, இரண்டு பின்னுக்கு நடுவில் அரை மீற்றர் இடைவெளி வேண்டும். எங்கே வைக்கிறது, தலையிலா? வாசலில் வைத்தால் அடுத்த பிளவ் தட்டிவிடும். நடைபாதையில் வைத்தால் நடைபாதை பிளவ் நிற்கும், சக்கர நாற்காலி போகாது. குவியலில் ஏற்றினால் சரிந்து, சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சை பின்னில் இருந்த மீன்தலை எல்லாம் ரக்கூனுக்கு.

உங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வீதியைப் பார்த்து நின்றால் பிளவ் இடப்பக்கத்திலிருந்து வரும். ஆகவே வாசலுக்கு இடப்பக்கக் கரையில் இரண்டு மூன்று மீற்றர் நீளத்துக்கு ஒரு குழி வெட்டி வையுங்கள். அலகில் இருப்பது முதலில் அதற்குள் விழும். அள்ளும் பனியை வலப்பக்கம் போடுங்கள். பச்சை பின்னின் அடியில் காட்போட் மட்டை போட்டால் சாப்பாட்டுக் கழிவு உறைந்து ஒட்டாது. வீட்டுக்கு முன்னால் வடிகான் வாய் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். திடீரென்று உருகினால் தண்ணி நிலக்கீழ் அறைக்குத்தான் வரும்.

மொன்றியலைப் பாருங்கள். 10 - 15 செ.மீ. சேர்ந்தால் ஒதுக்குவதோடு விடுவதில்லை, லொறியில் ஏற்றுகிறார்கள். வருடத்துக்குச் சராசரியாக 12 மில்லியன் கன மீற்றர், 3 லட்சம் லொறிச் சுமை. 28 கொட்டுமிடங்கள்: பழைய ஃபிராங்கன் கற்குழி, பனியைக் கழிவுநீர்க் குழாய்க்குள் இறக்கும் வாய்கள், திறந்த வெளிகள். எந்த வட்டாரத்துப் பனி எந்த இடத்துக்குப் போகும் என்பது புயலுக்கு முன்னமே தீர்மானம், தூரத்தையும் கொள்ளளவையும் பார்த்து. செலவுதான், மறுக்கவில்லை. ரொறன்ரோவுக்கு ஒவ்வொரு புயலுக்கும் அது வேண்டியதில்லை. ஆனால் இடமாவது ஒதுக்கவேண்டாமா? கொட்டுமிடம் என்றால் வெறும் காணியும் இல்லை. உருகும் தண்ணியோடு உப்பும் எண்ணெயும் கோப்பிக் கப்பும் பிளாஸ்டிக் பையும் வரும், அதைத் தேக்கிப் படியவிட ஒரு குளம் வேண்டும்.

தனியார் டவுன்ஹவுஸ் தொகுதிகளில் இன்னும் விசர்க்கூத்து: வரைபடத்தில் 'பனி சேமிப்பு' என்று ஒரு மூலையைக் காட்டி அனுமதி வாங்குவார்கள், குளிர்காலத்தில் பனி விருந்தினர் பார்க்கிங்கில் கிடக்கும், விருந்தினர் வீதியில் நிறுத்துவார், பிளவ் அந்தக் காரைச் சுற்றிப் போகும். புது வீதிக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம் 50 செ.மீ. பனியையும் வீட்டுக்கு இரண்டு பின்னையும் அதே வரைபடத்தில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். இடம் காணாவிட்டால் ஒரு வீட்டைக் குறைக்கட்டும்.