காவக்காரனே கன்னம் வச்சா எங்க போய்ச் சொல்ல?

மறுபடியுமா! வெள்ளிக்கிழமை, அதுவும் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு. பாங்சார் எல்ஆர்டி படியில கால் வைக்கிறேன், போன்ல அறிவிப்பு: ஆபீஸ் நெட்வொர்க்குக்குக் காவல் நிக்கிற ஃபயர்வால் பெட்டியில மெமரி ஓட்டை, ஆபத்து மார்க் 10-க்கு 9.8, பாஸ்வேர்டே இல்லாம உள்ள வரலாம், உடனே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், போடு. எஸ்பிஎம் பரீட்சையில இந்த மார்க் வாங்கியிருந்தா எங்கம்மா கோயிலுக்குப் பால்குடம் எடுத்திருப்பாங்க.

பத்துமலைக் குகைக்கு ஏற 272 படி. அதோட குகை வாசல் வந்துடும்னு தைப்பூசத்துக்கு வர்ற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்தப் பெட்டிக்குத் தன் மெமரி எங்க முடியுதுன்னு தெரியாது. வெளியில இருந்து எவனாவது "300 படி ஏறு"ன்னா ஏறிக்கிட்டே போகும், பக்கத்து வீட்டுக் கூரை மேல, சமையல்கட்டு வரைக்கும். 1988-ல மோரிஸ் புழுங்கிற கம்ப்யூட்டர் புழு இப்படி அளவு பார்க்காத புரோகிராம் வழியாவும்தான் பரவுச்சு. 2014-ல ஹார்ட்பிளீட்னு ஒரு ஓட்டை, எல்லை தாண்டிப் படிச்சு ரகசியத்தையெல்லாம் சிந்துச்சு. இன்னும் திருந்தல. அதை நாம ரிங்கிட் கொட்டி வாங்கி, இன்டர்நெட் வாசல்லயே உட்கார வச்சிருக்கோம்.

ஆபீசுக்குத் திரும்பி ஓடினேன். பேட்ச் இறக்கப் போனா, சப்போர்ட் ஒப்பந்தம் போன மாசமே முடிஞ்சுபோச்சாம். ஓட்டை விட்டது அவங்க, அடைக்கக் காசு நம்மது! போன் போட்டேன். 40 நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு குரல்: "சீரியல் நம்பர் சொல்லுங்க சார்." திரையில இருந்ததைச் சொன்னேன். அது வேணாமாம், ஸ்டிக்கர்ல உள்ளதுதான் வேணுமாம். ஸ்டிக்கர் எங்க? பெட்டிக்கு அடியில. பெட்டி எங்க? ரேக்கோட கடைசித் தட்டுல. தரையில மல்லாந்து படுத்து, ஏர்கான் தண்ணி நெத்தியில சொட்ட, போனை ஸ்பீக்கர்ல போட்டு வாயில கவ்விக்கிட்டு அது வெளிச்சத்துல படிச்சேன். வாயில போன் இருந்தா எப்படிப் பேசறது? எடுத்துப் பேசினா இருட்டு. "அது ஓவா, சைபரா சார்?" எனக்கு எப்படிய்யா தெரியும்! ரெண்டும் சொன்னேன். ரெண்டும் தப்பு. பிரச்சினையே வேற, நான் எட்டுன்னு சொன்னது பி.

நடுவுல கணக்குப் பகுதி அக்கா: "தம்பி, நெட்டை நிறுத்திடாதே, சம்பளம் போட்டுக்கிட்டு இருக்கேன்." ஊரே திறந்து கிடக்குக்கா! அதுக்கு மேல போஸ்: "ஃபயர்வால் வாங்கிக் கொடுத்தேனே, பிறகு எப்படி ஓட்டை?"

"அந்த ஃபயர்வால்தான் போஸ் ஓட்டை."

ரொம்ப நேரம் யோசிச்சார். "அப்போ அதுக்கு முன்னால இன்னொண்ணு வச்சிடலாமா?"

அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தரையில படுத்தபடியே சிரிச்சேன்.

பேட்ச் ஏறி முடிய ராத்திரி ஒண்ணரை. அதுக்கு முன்னாடியே எவனாவது புகுந்திருந்தா பேட்ச் அவனை வெளிய துரத்தாது, யார் வந்தா போனான்னு பெட்டி எழுதி வச்ச லாக் முழுக்க நான்தான் தேடணும். அது நாளைக்கு. கீழ மாமாக் கடையில போய் உட்கார்ந்தேன். தே தாரிக், குராங் மானிஸ், இனிப்பு கம்மின்னு ரெண்டு தடவை சொன்னேன் லா. வந்தது பாயசம்.