500 ரூபாயும் கொஞ்சம் இந்தியும்

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் மண்டபத்துப் பந்தியில், டெல்லியில் நான் ஆட்டோவுக்கு 500 ரூபாய் அழுததைச் சொல்லி மாமா சிரிக்கவைத்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் குடும்பக் குரூப்பில் வந்த வீடியோவுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டீர்கள். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. மாமா கேட்டதற்குப் பதில் மட்டும். அன்றைக்கு வாயில் அப்பளம் இருந்தது, இப்போது இல்லை.

"ரெண்டு வார்த்தை இந்தி தெரிஞ்சிருந்தா டெல்லியில 500 ரூபா ஏமாந்திருப்பியா?"

மாமா, அந்த ஆட்டோக்காரர் என்னை ஏமாற்றியது இங்கிலீஷில்.

சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு ராத்திரி ஒரு பகல் உட்கார்ந்து, ஜனவரிப் பனிமூட்டத்தில் நாலு மணி நேரம் லேட்டாகப் புது டெல்லியில் இறங்கினேன். 50 வயதில் முதல் முறையாக வடக்கே. ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குப் பனியன் மாதிரி இருந்தது. கூட்டம் தள்ளியதில் பகார்கஞ்ச் பக்கம் வெளியே வந்துவிட்டேன். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். "கரோல் பாக்? ஃபைவ் ஹண்ட்ரட் சார், ஃபிக்ஸட் ரேட்" என்றார் ஆட்டோக்காரர். நானும் இங்கிலீஷில்தான் பேரம் பேசினேன். அவர் இங்கிலீஷ் என்னுடையதைவிடத் தேவலை. நாலைந்து கிலோமீட்டருக்கு 500 அழுதேன். ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறிப் போயிருந்தால் சில்லறையில் முடிந்திருக்கும்.

ஆக, எனக்குத் தெரியாமல் போனது இந்தி இல்லை, மெட்ரோ எந்தப் பக்கம் என்பது. புது ஆள், கையில் பெட்டி, முகத்தில் முழி. அவ்வளவுதான் வேண்டும் ஆட்டோக்காரருக்கு.

நம்பவில்லையா? சனிக்கிழமை காலையில் பாண்டி பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். கடற்கரைக்கு இரண்டரை கிலோமீட்டர் இருக்குமா? போன மாதம் வடக்கத்தி ஜோடி ஒன்றிடம் நம் அண்ணன் ஒருவர் 250 கேட்டார். அந்தப் பிள்ளைகள் இந்தியில் பொரிந்து தள்ளினார்கள். இந்தி தெரிந்த புண்ணியத்துக்கு 50 ரூபாய் குறைந்ததா? இல்லை. மீட்டர் எந்த மொழியிலும் ஓடவில்லை.

இதைவிட ஒன்று. டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மாமி, 40 வருஷமாக டெல்லி, இந்தி தண்ணீர்பட்ட பாடு. பாண்டிக்கு வந்தபோது ஆட்டோவுக்கு 300 கொடுத்த கதையைச் சொல்லி என்னிடம் நியாயம் கேட்டார். தமிழ் அவருக்குத் தாய்மொழி, மாமா! தமிழிலேயே ஏமாந்திருக்கிறார். அவரை யார் பந்தியில் வைத்துச் சிரிப்பது?

"அப்படியென்றால் இந்தியே கற்கக் கூடாதா" என்று ஒருவர் இந்நேரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? என் பெண் ஆசைப்பட்டுக் கற்கிறாள், டியூஷன் பீஸ் நான்தான் கட்டுகிறேன். "ஆறு நாள் போய்விட்டு வந்தவன் டெல்லியைப் பற்றிப் பேசலாமா" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. ஒரு நாள்கூடப் போகாத மாமா பேசலாமாம்.

மொழி தெரியாமல் சங்கடமே இல்லை என்றும் பொய் சொல்லமாட்டேன். லாட்ஜ் கவுண்டரில் என்னை வைத்துக்கொண்டே 'மதராஸி' என்று ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று புரியவில்லை. புரியாததே நல்லது என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஆனால் சீக்கியர்களின் பங்ளா சாஹிப் குருத்வாராவும் அதே ஊரில்தான் இருக்கிறது. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லங்கர் என்கிற இலவசச் சாப்பாட்டு வரிசையில் தரையில் உட்கார்ந்தேன். ரொட்டி கொண்டுவந்தவரிடம் வழக்கம்போல் வலது கையை மட்டும் நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த சர்தார் தாத்தா ஒன்றும் பேசாமல் என் இடது கையை எடுத்து வலது கையோடு சேர்த்து வைத்தார். இரண்டு கையும் ஏந்தித்தான் வாங்க வேண்டுமாம். கையில் சூடாக விழுந்தது ரொட்டி. அந்தத் தாத்தாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம்மூர் லாரன்ஸ் ரோடு ஓட்டலில் "அண்ணா, சாம்பார் வேணுமா" என்று கேட்கிற பீகார் பையனைப் போலப் பேசிக் காட்டி நானே சிரித்திருக்கிறேன். டெல்லிக்குப் பிறகு அது வரவில்லை. சரி, இது வேறு கதை.

500 ரூபாய்க்காக நான் இவ்வளவு எழுதவில்லை. மாமா கடைசியாகச் சொன்னார் பாருங்கள், "அன்னிக்கு வேலையத்துப் போயி கொடி பிடிச்சவனுங்களாலதான் நீங்க இப்படி முழிக்கிறீங்க" என்று. வீடியோவில் அது வெட்டப்பட்டிருக்கிறது. 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் செத்துப்போனார். என் அப்பா அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் அந்த நாளைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. ஜனவரி 27 அன்று மட்டும் சாயங்காலம் வெளியே போகமாட்டார், திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வேலையற்றுப் போனவராம். அந்த வார்த்தைக்குப் பந்தியில் நான்கு பேர் தலையாட்டினீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் காதுகுத்துக்கு வருவேன் மாமா, சீரும் செய்வேன். ஆட்டோக் கதையை எடுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அந்த இன்னொரு பேச்சை எடுத்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன், பாயசம் வந்திருந்தாலும்.