எம்இ படிக்கணுமா வேண்டாமா, அக்கா மவன் கேட்ட கேள்வி

போன ஞாயிறு தக்கலைல ஒரு சாயாக்கடைல வச்சு அக்கா மவன் கேட்டான், மாமா நான் எம்இ கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரட்டான்னு. பய பிஇ கடைசி வருஷம், கேம்பஸ்க்கு ரெண்டு கம்பெனி வந்துட்டு போயாச்சு, ஒண்ணும் அமையல. அதுக்குள்ள அத்தான் ரப்பர் விளைல ஒரு துண்டை வித்துட்டு படிக்க வைக்கலாம்னு ஆளு பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அதைக் கேட்டதும் எனக்கு சாயா எறங்கல.

ஏன்னா இதே கூத்தை நான் 2012ல ஆடியாச்சு. வேலை கெடைக்கல, வீட்ல சும்மா இருந்தா கல்யாண வீட்டுக்கு போனா கேப்பாங்க, கோயிலுக்கு போனா கேப்பாங்க, அதுக்கு பயந்து பக்கத்துல ஒரு காலேஜ்ல எம்இ சேந்தேன். மேல படிக்கேன்னு சொன்னா ஒருத்தனும் அடுத்த கேள்வி கேக்க மாட்டான் பாத்துக்கிடுங்க, அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எங்கப்பா ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டினது. தீசிஸ் வெளிய காசு குடுத்து வாங்கினது, இப்பம் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அப்புறம் ஒரு காலேஜ்ல வாத்தியாரு வேலை, மாசம் 15,000, அதுவும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் அவங்க அலமாரில. அதை திருப்பி வாங்க நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். கடைசில திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல, அங்க உள்ள ஐடி பார்க்குல, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, இரணியல்ல ட்ரெய்ன் ஏறி கழக்கூட்டம் போய் எறங்குவேன். அங்க இன்டர்வியூல எம்இ பத்தி ஒரு கேள்வி கூட வரல. எனக்கு லீடா இருந்தவன் வெறும் பிஇ, என்னைய விட ரெண்டு வயசு கம்மி, நான் படிச்சுட்டு கெடந்த நேரத்துல அவன் வேலை பாத்துருக்கான், அம்புட்டுதான் வித்தியாசம்.

அதனால அவன்ட்ட சொன்னேன், மக்கா, மேல்படிப்புன்னா மொத கேள்வி யாரு காசு குடுக்காங்கதுதான். கேட்னு இந்தியா முழுக்க நடக்க பரீட்சை எழுதி நல்ல ஸ்கோர் எடுத்து எம்டெக், அதுவும் எம்இ மாதிரிதான், போனா மாசம் 12,400 ரூபா ஸ்டைபெண்டா ஒனக்கு வரும், ஐஐடில அதுக்கு வாரத்துக்கு 8 மணி நேரம் ஜூனியர் பயலுகளுக்கு லேப் பாக்கணும், பேப்பர் திருத்தணும், அவ்வளவுதான். பிஎச்டிக்கு ஜேஆர்எஃப்ங்க ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா மாசம் 37,000. 12,400 ஒண்ணும் பெரிய காசு இல்ல, மெட்ராஸ்ல மெஸ்ஸுக்கும் செலவுக்கும் சரியாப் போகும், ஆனா அத்தானுக்க விளை தப்பிச்சுரும்லா. ஒருத்தன் காசு குடுத்து ஒன்னைய கூப்பிடுதான்னா அங்க ஒன்ட்ட இருந்து அவனுக்கு ஏதோ வேணும், நீ காசு குடுத்து போறன்னா அவனுக்கு வேண்டியது ஒன் காசு.

கேட்ல ஒரு நாள் மூணு மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், அதனால ஒரு வேலைல ஏறிட்டு கூட பைய முடிவு பண்ணலாம், இதை எனக்கு அப்பம் சொல்ல ஆளு இல்ல. படிக்கதுக்கும் கோச்சிங்குக்கு லட்சம் கட்டணும்னு இல்ல, ஐஐடி வாத்தியாருங்க எடுக்க கிளாஸ் என்பிடெல்ங்க வெப்சைட்ல ஓசிலயே கெடக்கு.

எம்இ வேஸ்டுன்னு நான் சொல்லல, அதையும் சொல்லிருதேன். இன்ஜினியரிங் காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா எம்இ இல்லாம முடியாது, மேல போகணும்னா பிஎச்டியும் வேணும். கம்பைலர், சிப் டிசைன், மெஷின் லேர்னிங்ல உள்ள இருக்க கணக்கு, இப்படி ஒண்ணுல ஆழமா எறங்கணும்னாலும் ரெண்டு வருஷம் ஒரு நல்ல கைடுக்க கீழ உக்காரத்தான் வேணும். என் கூட்டுக்காரன் ஒருத்தன் எம்எஸ் பை ரிசர்ச், ஆராய்ச்சி பண்ணி வாங்க மாஸ்டர் டிகிரி, அதுக்கு போனான், மூணு வருஷம் ஒரே ப்ராப்ளத்தோட மல்லுக்கட்டுனான், இப்பமும் அதே வேலைதான் பாக்குதான், சந்தோஷமா இருக்கான். ஆனா வெப்சைட் கட்டவும் ஆப் எழுதவும் டெஸ்டிங்குக்கும் எவனும் எம்இ கேக்க மாட்டான். இப்பம் புதுசா போர்டுல ஏஐனு எழுதி வச்சு எம்இ நடத்துதாங்க, சேருமுன்ன உள்ள போய் லேப்பையும், பாடம் எடுக்க ஆளையும் ஒருக்கா பாத்துட்டு வாங்க. வெளிநாட்டு எம்எஸ்ஸுக்கு லோன் எடுக்கவங்க கத வேற, விசா மாறுனா வட்டி மாறாது, அதை இன்னொரு நாள் எழுதுதேன்.

சரி, ஒனக்கு எந்த சப்ஜெக்ட் புடிக்கும்லே, பரீட்சை முடிஞ்ச பொறவும் எதை எடுத்து படிச்ச?ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கிளாஸையே பாத்துட்டு இருந்தான். ஆப்பரேட்டிங் சிஸ்டம்னான். சும்மா சொல்லுதானோன்னு நெனச்சேன், ஆனா வீட்ல சொந்தமா ஒரு குட்டி கெர்னல், ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்க மையப் பகுதி, எழுதி பாத்துருக்கான், பூட் ஆகி ஸ்க்ரீன்ல ஒரு வரி வர ரெண்டு வாரம் ஆச்சாம். அக்காவுக்கு கூட தெரியாது. கேம்பஸ் இன்டர்வியூல இதை சொன்னியான்னு கேட்டா, அவங்க கேக்கல மாமாங்கான்.

நேத்து பழைய கேட் கொஸ்டின் பேப்பர் ரெண்டு போட்டு பாத்து மார்க் அனுப்பிருக்கான், 31, 38. பத்தாதுன்னு அவனுக்கே தெரியுது. அத்தான்ட்ட அடுத்த பிப்ரவரில கேட் முடியுற வரைக்கும் விளைய தொடாதீங்கன்னு சொல்லி வச்சுருக்கேன், அவரு இன்னும் சரின்னு சொல்லல.